இடது ஓரத்தில் ஒழுகும் காற்று

ஜூன் 9, செவ்வாய்

முகத்தில் அன்றன்று என்ன மாற்றம் என்று எழுதி வர வேண்டுமாம். நரம்பு டாக்டரின் உத்தரவு. அவர் என்னைப் பார்த்த நேரத்தைவிட அவருடைய கைப்பேசியைப் பார்த்த நேரம் அதிகம். இருந்தாலும் எழுதுகிறேன்.

மாற்றம்: ஒன்றும் இல்லை. இடது பாதி செத்துக் கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையில் இறங்கியது. கண்ணாடியில் வலது பக்கம் நான் இருந்தேன், இடது பக்கம் வேறு யாரோ. ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். விடிந்ததும் என்ன கோணங்கித்தனம் என்று கேட்டபடி வந்த என் மனைவி பாதியில் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் பக்கவாதம் இல்லை என்றார்கள். முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். இந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் ஒரு டாக்டராகத்தான் இருப்பான்.

வேறு யாருக்காவது வந்திருந்தால் முகம்தான் கோணியிருக்கும். நான் சாக்ஸபோன் வாசிக்கிறவன். பெரம்பூரில் கிளாரன்ஸ் என்று கேட்டால் வீடு காட்டுவார்கள். கதாநாயகி மழையில் நனையும்போது பின்னால் குழைந்துகொண்டு ஒரு சத்தம் வருமே, அது பாதிப் படங்களில் என்னுடைய மூச்சு. அதற்கு இரண்டு உதடும் சுருக்குப்பை மாதிரி இறுக வேண்டும். என் பை ஒரு பக்கம் கிழிந்துவிட்டது.

ஸ்டுடியோக்களுக்கு வாத்தியக்காரர்களை அனுப்புகிற கஜேந்திரனுக்குப் போன் செய்து சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே இந்த வார ரெக்கார்டிங்கை வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். அவனிடம் சாக்ஸபோன்கூடக் கிடையாது. கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்குவான், சாக்ஸபோன் மாதிரி வரும். முகம் கோணவே கோணாது.

ஜூன் 12, வெள்ளி

கண் மூடவில்லை. பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு தூங்கினேன்.

ஜூன் 17, புதன்

இடது காது மட்டும் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் கேட்கிறது. தட்டில் ஸ்பூன் பட்டால் ஆணி அடிக்கிறது. அதுவும் அந்த நரம்பின் வேலைதானாம். நாக்கில் பாதிக்கு ருசி இல்லை. ஜெசிந்தா மீன் குழம்பு வைத்தாள். வலது பக்கம் மீன் குழம்பு, இடது பக்கம் வெந்நீர்.

இன்று பெட்டியைத் திறந்து என் ஆல்டோ சாக்ஸபோனை எடுத்தேன். பிசியோதெரபிக்காரப் பெண் கூடாது என்று சொல்லியிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும். வாயில் வைத்து ஊதினேன். காற்று முக்கால்வாசி இடது ஓரமாக ஒழுகிப் போனது, கூடவே எச்சிலும். மீதிக் காற்றில் வந்தது ஒரு சத்தம். குக்கர், விசில் அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரத்தில் ஒரு சீறல் வருமே, அது.

ஜெசிந்தா வந்து ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று நினைத்திருப்பாள். பிறகு சமையலறையில் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்த மாதத்தில் ஜலதோஷம் வருவது வழக்கம்.

ஜூன் 24, புதன்

ஒரு பெண் வந்தாள். பெயர் சம்யுக்தா. நெய்வேலிக்காரி. முன்பு ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு உதவியாளராக இருந்தாளாம், எனக்கு மைக் வைத்திருக்கிறாளாம். எனக்கு மைக் வைத்த கைகளை எல்லாம் நினைவு வைத்துக்கொள்ள முடியுமா. இப்போது வேலையை விட்டுவிட்டு, எலக்ட்ரானிக்ஸை வைத்து இசை செய்கிறாளாம். பாஸ் வாசிக்கிற ஒருவன் கூட இருக்கிறானாம். சாக்ஸபோன் வாசிக்க ஆள் வேண்டும், ஆகஸ்டில் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஓவியக் கூடத்தில் கச்சேரி.

என் முகத்தைக் காட்டி, பார்த்தாயல்லவா, என்றேன்.

"பாத்தேன் சார். அதனால என்ன?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் வலது பக்கத்துக்கு மட்டும்தான் வருகிறது, அதனால் எதிரே இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. டோன் கிடையாது, சுருதி நிற்காது, வெறும் காற்றும் எச்சிலும்தான் வரும் என்று விளக்கினேன். அவள், எதை வாசிக்க வேண்டும் என்று தாங்கள் முன்கூட்டி முடிவு செய்வதே இல்லை, என்ன வருகிறதோ அதிலிருந்து போவோம் என்றாள். ஃப்ரீ ஜாஸ் என்றாள். நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். பிராக்டிஸ் பண்ணச் சோம்பல்படுகிறவர்கள் வெள்ளைக்காரன் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழி. இதில் கரண்டு வேறு.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஜெசிந்தா காபியோடு வந்து, புதன்கிழமை அவருக்கு வேலை ஒன்றும் இல்லை, வருவார், என்றாள். அந்தப் பெண், தேங்க்ஸ் ஜெசி ஆன்ட்டி, என்றாள். முதல் தடவை வீட்டுக்கு வருகிறவளுக்கு ஜெசி ஆன்ட்டியாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூச்சமே கிடையாது.

முகத்தில் மாற்றம் இல்லை.

ஜூலை 1, புதன்

சாலிகிராமத்தில், மாவு மில்லுக்கு மேல், மூடிப்போன ஒரு கணக்கு ட்யூஷன் சென்டர். கரும்பலகையில் யாரோ போட்ட முக்கோணம் இன்னும் இருக்கிறது. இதுதான் இவர்களுடைய ஸ்டுடியோ.

பாஸ்காரன் இம்தியாஸ். நாற்பது வயது இருக்கும். ராயப்பேட்டை. ஆள் உயரத்துக்கு, வயலினுக்குத் தாத்தா மாதிரி ஒரு மர பாஸ், கோந்து போட்டு ஒட்டிய இடங்கள் அதில் நிறைய. அவள் பெஞ்சில் ஒரு லேப்டாப்பையும், திருகுகள் நிறைந்த சின்னச் சின்னப் பெட்டிகளையும் பரப்பியிருந்தாள். எங்கும் வயர். ஈ.பி. ஆபீஸ்காரன் பார்த்தால் அபராதம் போடுவான். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக்கை என் ஆல்டோவின் உடம்பில் டேப் வைத்து ஒட்டினாள். எந்த ஸ்டுடியோவிலும் என் வாத்தியத்தை யாரும் தொட்டதில்லை.

ஸ்கேல் என்ன என்று கேட்டேன். ஸ்கேல் இல்லை என்றாள். தாளம் கேட்டேன். அதுவும் இல்லை என்றாள்.

"பின்ன எப்பம்மா ஆரம்பிக்கிறது?"

இம்தியாஸ்தான் பதில் சொன்னான். "ஆரம்பிச்சிட்டோம் மாஸ்டர்."

நிஜமாகவே ஆரம்பித்திருந்தார்கள். அவன் வில்லை நரம்பில் வைக்காமல் பாஸின் மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். தச்சன் வீட்டில் காலை நேரத்துக்கு என்ன சத்தம் கேட்குமோ அது. கீழே மாவு மில் ஓடியது. பெஞ்சில் ஒட்டியிருந்த ஒரு மைக் அந்த அதிர்வையும் இழுத்தது, அவள் அதைத் திருகித் திருகித் தேனீக்கூட்டம் மாதிரி ஆக்கினாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை.

நான் ஊதினேன். ஒழுகியது. ஊதி முடித்த பிறகு, என் பின்னாலிருந்த ஸ்பீக்கரில் அந்த ஒழுகல் திரும்ப வந்தது. பெரிதாக, மெதுவாக, ஈரமாக. ஒரு மாடு மூக்கடைத்துக்கொண்டு மூச்சு விடுவது போல. அதுதான் நான். என் வியாதியை மைக் வைத்துப் பிடித்து, பெரிதாக்கி, எனக்கே போட்டுக் காட்டுகிறார்கள். இடது காதுக்குள் ஊசி இறங்கியது.

பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அந்தப் பெண் மாடிப்படி வரை வந்தாள். காது வலிக்கிறதா சார் என்று மட்டும் கேட்டாள். நான் படியிறங்கினேன்.

ஜூலை 3, வெள்ளி

வீட்டுக்கே வந்து, இடது காதில் வைத்துக்கொள்ள ஸ்பாஞ்சு அடைப்பான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா வாங்கி வைத்தாள்.

வைத்துப் பார்த்தேன். ஸ்பூன் சத்தம் குறைகிறது. அதற்காக மட்டும் வைத்துக்கொள்வேன்.

ஜூலை 8, புதன்

போனேன். ஒரே ஒரு நோக்கத்தோடு போனேன்: இவர்கள் செய்வது பித்தலாட்டம் என்று இவர்களுக்கே நிரூபிப்பது.

எவ்வளவு அசிங்கமாக வாசிக்க முடியுமோ அவ்வளவு அசிங்கமாக வாசித்தேன். ஊதாமல், விரல் வைக்கும் சாவிகளை மட்டும் தட்டினேன். எச்சிலை உறிஞ்சினேன். வாத்தியத்துக்குள் இருமினேன். பெரம்பூர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிற சத்தம், லோகோ ஷெட்டில் ஆவி விடுகிற சத்தம், எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய், எல்லாவற்றையும் உள்ளே விட்டேன். எனக்கு சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் கேட்டிருந்தால் கல்லறையில் திரும்பிப் படுத்திருப்பார்.

நிறுத்துவார்கள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. நான் சாவியைத் தட்டினால் இம்தியாஸ் நரம்பைச் சுண்டினான். நான் உறிஞ்சினால் அவள் அந்த உறிஞ்சலைப் பிடித்து, பின்பக்கமாக ஓடவிட்டாள், அது ஊதல் ஆனது. கெடுக்கப்போன இடத்தில் விருந்து வைத்தார்கள்.

ஜெசிந்தா கட்டிக்கொடுத்த லெமன் சாதத்தை வீட்டுக்குத் திரும்பி வந்துதான் சாப்பிட்டேன். அந்த அறையில் ஃபேன் சரியில்லை, சாப்பிடத் தோன்றவில்லை.

ஜூலை 15, புதன்

மறுபடியும் போனேன். ஆரம்பித்ததைப் பாதியில் விடும் வழக்கம் எனக்குக் கிடையாது. மற்றபடி ஒன்றும் இல்லை.

ஜூலை 18, சனி

அயனாவரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மேடையில் லைட் மியூசிக். நான் வாசித்த பாட்டு ஒன்றை கீபோர்டுக்காரன் வாசித்தான், என் ஒவ்வொரு வளைவையும் அப்படியே. ஒரு தப்பு இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தபோது, இவன் எங்கே மூச்சு விடுகிறான் என்று தேடினேன். எங்கேயும் விடவில்லை. விடத் தேவையில்லையே.

கைக்குட்டையை வாயோரம் வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். எதிர்வரிசையில் ஒரு அம்மாள் தன் மகளிடம், ஸ்ட்ரோக் வந்தவங்க, பாத்துப் பரிமாறச் சொல்லு, என்றாள். மெல்லத்தான் சொன்னாள், ஆனால் இடது காது எனக்கு வேவு பார்க்கிறது.

கஜேந்திரன் வந்திருந்தார். இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்டார். சாலிகிராமத்தைப் பற்றி விளையாட்டாகச் சொன்னேன், மாவு மில்லோடு சேர்ந்து வாசிக்கிறோம் என்று. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

மீன் வறுவல் நன்றாக இல்லை. சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன். கஜேந்திரனுக்கு சங்கீதத்தைப் பற்றி அப்படி ஒன்றும் தெரியாது.

ஜூலை 22, புதன்

டாக்டருக்காக எழுதுகிறேன், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

இன்று மில் லீவு. அறை அமைதியாக இருந்தது. இம்தியாஸ் அடி நரம்பில் வில்லை வைத்து, இழுக்கிறானா இல்லையா என்று தெரியாத வேகத்தில் இழுத்தான். நான், ஊதும் முனையில் இருக்கும் நாணல் ரீடு அதிரக் காற்று போதாமல், ஓரத்தில் விட்டதுபோக மிச்சத்தை மட்டும் அனுப்பினேன். அவள் இரண்டையும் வாங்கி, கீழே தணித்து, ஒரு முனகலாகத் திருப்பி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஊதுவதை நிறுத்தினேன், சத்தம் நிற்கவில்லை. என்னுடையது என்று நினைத்தது அவனுடையது. மறுபடி ஊதினேன், அது எங்கேயும் இடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது.

முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக நின்று, ஹெட்போனில் தாளத்துக்கான கிளிக் சத்தம் கேட்டு, எனக்கு விட்ட இடைவெளியில் நுழைந்து வெளியே வருவது என் தொழில். யாருடைய பாட்டு, யார் பாடுகிறார்கள் என்பதுகூடப் பல நேரம் படம் வந்த பிறகுதான் தெரியும்.

ஒரே ஒரு இடத்தில்தான் அப்படி இருந்தது. மற்றதெல்லாம் வழக்கமான கூச்சல்தான்.

ஜூலை 29, புதன்

காலையில் கண்ணாடி முன் 'ப', 'ம' சொல்லிப் பயிற்சி செய்யும்போது, பின்னால் நின்ற ஜெசிந்தா என் தோளைப் பிடித்தாள். இடது மேலுதடு துடித்தது. புழு நெளிகிற அளவு. அவள் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றப் போய்விட்டாள். பாவம், ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கிடைக்க வேண்டிய பெயர் அந்தோணியாருக்குப் போகிறது.

ஆகஸ்ட் 5, புதன்

இப்போது கண் மூடுகிறது. ஒழுகல் பாதியாகிவிட்டது. வீட்டில் நடு ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை நிறுத்திப் பார்த்தேன். நின்றது.

சாலிகிராமத்தில் சம்யுக்தா கண்டுபிடித்துவிட்டாள். அவள் முன்னாலிருக்கும் திரையில் கோடு கோடாகப் போகிறதே, அதில் தெரிந்திருக்கும்.

"சார், உதடு சரியாயிட்டு வருதா?"

இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும் இல்லை.

ஆகஸ்ட் 12, புதன்

வயிறு சரியில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு, வீட்டிலேயே இருந்து பிராக்டிஸ் செய்தேன். டோன் வந்துவிட்டது. பழைய டோன், தேன் மாதிரி. ஒரு சொட்டு ஓரத்தில் போகவில்லை. ஜெசிந்தா ஜன்னலைத் திறந்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் வந்து நின்று கேட்டார்.

கச்சேரியில் காட்டுகிறேன். ஒன்றரை மாதமாக ஒரு நொண்டியை வைத்து வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள். யாரை வைத்திருந்தோம் என்று அன்றைக்குத் தெரிந்துகொள்ளட்டும்.

ஆகஸ்ட் 19, புதன்

இன்னும் வயிறு சரியில்லை என்று அனுப்பினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று பதில் வந்தது. இம்தியாஸ் சுக்குக் கஷாயம் எப்படிப் போடுவது என்று ஜெசிந்தாவுக்குப் போனில் சொன்னான். ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கச்சேரி நேற்று முடிந்தது. வெற்றி. கைதட்டலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

ஓவியக் கூடத்தில் ஒரு அறை கொள்ளும் அளவுக்குக் கூட்டம். கைத்தறிக் குர்தா போட்டவர்கள். ஆரம்பிப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்கள். தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஆட்டினார்கள். சுவரில் ஒரு பெரிய படம், முழுக்கக் கறுப்பு. அதைப் பார்த்தும் சிலர் தலையாட்டினார்கள்.

இம்தியாஸ் மரத்தைத் தேய்த்து ஆரம்பித்தான். அவள் அந்தத் தேய்ப்பை எடுத்து, தூரத்தில் எங்கோ லாரி போவது மாதிரிப் பரப்பினாள். என் பக்கம் திரும்பி மைக்கைத் திறந்துவிட்டாள். ஒழுகலை எதிர்பார்த்தாள்.

நான் முழு டோனில் இறங்கினேன்.

வழவழவென்று, பட்டுப்புடவையைப் பிரித்துப் போட்ட மாதிரி. மெட்டு என்று ஒன்றும் யோசிக்கவில்லை, விரல்கள் தாமாகவே போயின, முப்பது வருஷம் போன பாதையில். மூடியிருந்த கண்கள் திறந்தன. மூன்றாவது வரிசையில் ஒருவர் புன்னகைத்தார், அப்பாடா, ஒரு பாட்டு வந்தது என்பது போல. அந்தப் புன்னகைக்காக இன்னும் கொஞ்சம் குழைந்தேன். இம்தியாஸ் கீழே எனக்கு இரண்டு ஸ்வரம் கொடுத்துப் பார்த்தான். நான் அதை எடுக்காமல் மேலே போனேன். அவன் வில்லை இறக்கினான். அவள் என் சத்தத்தை ஒரு தடவை பிடித்து அனுப்பினாள், அது திரும்பி வருவதற்குள் நான் வேறு எங்கோ போயிருந்தேன். ஒவ்வொரு திருகாகக் குறைத்தாள். கடைசியில் பார்த்தால் நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரண்டு பேரும் கையைக் கட்டாத குறையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக் கூண்டு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. சினிமாவில் முடிக்கிற மாதிரி ஒரு சுழற்றுச் சுழற்றி, உச்சியில் நிறுத்தி முடித்தேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. குர்தாக்கள் என்னிடம் வந்து கை கொடுத்தார்கள். மற்ற இரண்டு பேரையும் யாரும் கவனிக்கவில்லை.

சம்யுக்தா தரையில் உட்கார்ந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். நல்லா வாசிச்சீங்க சார் என்றாள். அதில் என்ன குறை வைத்துப் பேசுகிறாய் என்று கேட்டேன்.

"குறை எதுவும் இல்ல சார். நல்லாத்தான் வாசிச்சீங்க. எங்களக் கேக்கத்தான் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். வயரைச் சுருட்டியபடியே, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

ஆகஸ்ட் 24, திங்கள்

வந்த கோபத்தை எல்லாம் ஜெசிந்தாவிடம் காட்டினேன். வீடு தேடி வந்து, கெஞ்சிக் கூப்பிட்டுவிட்டு, இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறாளா, முகம் கோணலாக இருந்தபோது இனித்தது, நேரானதும் கசக்கிறதா, என்று கத்தினேன்.

ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவ தேடி வரலங்க. உங்ககூட வேலை பாத்தவங்க ஒவ்வொருத்தருக்கா நான்தான் போன் பண்ணேன். நீங்க பெட்டியத் தொடறதும் வைக்கிறதுமா இருந்தீங்க. கஜேந்திரன் அண்ணன்கிட்டயும் கேட்டேன், சும்மா உக்காரவாவது கூட்டிட்டுப் போங்கன்னு. முகம் சரியாகட்டும்மா பாக்கலாம்னாரு. இந்தப் பொண்ணு மட்டும்தான் எப்ப வரட்டும்னு கேட்டுச்சு."

 அவள் துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

என்னைக் கேட்காமல் யார் யாரிடமோ போய் நின்றிருக்கிறாள். இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

கச்சேரிக்கு வந்திருந்த யாரோ சொல்லி, கஜேந்திரன் கூப்பிட்டார். முகம் சரியாகிவிட்டதாமே அண்ணே, சொல்லவே இல்லையே என்றார். வடபழனியில் ரெக்கார்டிங். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு இடம்.

முதல் டேக்கிலேயே முடித்தேன். ஒரு பிசிறு இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர் தம்பி கட்டைவிரலைக் காட்டினான். வெளியே வந்து கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

தம்பி மௌஸை எடுத்து, என் வாசிப்பின் கோட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து அழித்துக்கொண்டிருந்தான். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"மூச்சு சத்தம் வருது சார். கிளீன் பண்ணிடறேன்."

இது புதிதில்லை. எப்போதும் செய்வதுதான். நான் நின்று பார்த்ததில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான் இழுத்த மூச்சு ஒவ்வொன்றாகப் போயிற்று. அதை விட்டுவிடு தம்பி, என்றேன். அவன் நான் ஏதோ கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். திரும்பக் கேட்டேன். டைரக்டர் திட்டுவார் சார் என்றான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது.

கடைசியில் போட்டுக் காட்டினான். ஒரு தப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம்.

கஜேந்திரன் அடுத்த வாரமும் புதன்கிழமை ஒன்று இருக்கிறது, வந்துவிடுங்கள் என்றார். புதன்கிழமை முடியாது என்றேன். மாவு மில்லா என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம் என்றேன். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தார்.

செப்டம்பர் 2, புதன்

யாரும் கூப்பிடவில்லை. நானாகப் போனேன். கதவைத் தள்ளியபோது இரண்டு பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு நாற்காலி வழக்கமான இடத்தில் கிடந்தது. எனக்காகப் போட்டதா, எடுக்க மறந்ததா தெரியாது. கேட்கவும் இல்லை.

உட்கார்ந்தேன். ஆல்டோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சம்யுக்தா எழுந்து வந்து பொத்தான் மைக்கை ஒட்டிவிட்டு, பெட்டிகளுக்குத் திரும்பிப் போனாள். கீழே மில் ஓடியது. யாரோ மிளகாய் அரைக்கக் கொடுத்திருக்கிறார்கள், நெடி மாடி வரை வந்தது. இம்தியாஸ் தும்மினான். அவள் தும்மலையும் விடவில்லை. அது அறையின் நான்கு மூலைக்கும் போய்த் திரும்பி, கரகரத்து, அடங்கியது. இவர்களுக்கு வேண்டாதது என்று எதுவும் கிடையாது.

வெகுநேரம் அப்படியே போயிற்று. இம்தியாஸ் வில்லைத் தளர்த்திக்கொண்டே என் பக்கம் சாய்ந்தான்.

"என்ன மாஸ்டர், வாசிக்கலையா?"

"கேட்டுட்டிருக்கேன்" என்றேன்.

அவன் வில்லை மறுபடி நரம்பில் வைத்தான். அவள் திரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள்.

பிறகு எனக்கு ஒரு இடம் தெரிந்தது. அவர்கள் விட்ட இடம் இல்லை, இரண்டு சத்தத்துக்கும் நடுவில் சும்மா கிடந்த இடம். ஆல்டோவை வாயில் வைத்தேன். உதடு இறுகியது. இப்போது சொன்னபடி கேட்கிறது. நான் இடது ஓரத்தை நானே தளர்த்தினேன். காற்று ஒழுகியது, கொஞ்சம் எச்சிலும். மீதி உள்ளே போய், குரல் ஆகலாமா வேண்டாமா என்ற இடத்தில் நின்றது. நான் அதைத் தள்ளவில்லை. இம்தியாஸ் அதன் கீழே வந்தான். அவள் உடனே பிடிக்கவில்லை, காத்திருந்தாள், பிறகு என் மூச்சை மட்டும் எடுத்து, பெரிதாக்காமல், நான் விட்ட அதே அளவில் திருப்பிக் கொடுத்தாள். அதற்கு நான் பதில் சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் மூன்று பேரும் நிறுத்தினோம். யாரும் கையைத் தூக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. மில்கூட அப்போதுதான் நின்றிருந்தது, அது தற்செயல். யார் முதலில் நிறுத்தியது என்று கேட்டேன். நீங்கதான் என்றான் இம்தியாஸ். நான் நிறுத்தவில்லை, சம்யுக்தா நிறுத்தினாள், அதனால் நிறுத்தினேன் என்றேன். நான் இம்தியாஸைப் பார்த்துத்தான் நிறுத்தினேன் என்றாள் அவள். இதைப் பற்றி வெகுநேரம் சண்டை போட்டோம். ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் காது போதாது, இன்னும் நிறைய வேலை இருக்கிறது.